யார் திரும்பிப் போகலாம்? – குடியேற்றங்களின் கதையை வகுப்பறையில் சொல்லுதல்

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் ‘புரட்சிகளின் காலம்’ பாடம் அமெரிக்காவின் ஆங்கிலேயக் குடியேற்றங்களிலிருந்து தொடங்குகிறது. ஜேம்ஸ்டவுன், மேஃபிளவர், பதின்மூன்று குடியேற்றங்கள் என்ற பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு விரைவாகச் சுதந்திரப் போருக்குப் போய்விடுவதுதான் பல ஆண்டுகளாக என் வழக்கம். தேர்வுக்கு அது போதும். மாணவர்கள் ஆண்டுகளை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கினார்கள்.

நான் பணிபுரிவது காஞ்சிபுரத்தை ஒட்டி, பாலாற்றங்கரைப் பக்கம் உள்ள செவிலிமேட்டில். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் இன்று தறி இல்லை என்றாலும், தறிச் சத்தம் கேட்காமல் வளர்ந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. கடந்த ஆண்டு இந்தப் பாடத்தை நடத்தியபோது ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: “சார், அதே இங்கிலீஷ்காரங்கதானே மெட்ராசுக்கும் வந்தாங்க? அங்க குடும்பத்தோட போய் ஊரே கட்டிக்கிட்டாங்க. இங்க ஏன் சார் அப்படிப் பண்ணல?”

என்னிடம் உடனே பதில் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் ஒரு பாடவேளையில் முடிக்க நினைத்தது நான்கு பாடவேளைகளாக நீண்டது. அந்த அனுபவத்தை ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே காலம், இரண்டு கரைகள்

முதலில் கரும்பலகையை நடுவில் கோடிட்டு இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம் வர்ஜீனியா, வலப்பக்கம் மதராஸ்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அரசுப் பட்டயம் கிடைத்தது 1600 டிசம்பர் 31. வர்ஜீனியா கம்பெனிக்குக் கிடைத்தது 1606. இரண்டுமே லண்டன் வணிகர்கள் பங்குப் பணம் போட்டு நடத்திய நிறுவனங்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ்டவுன் குடியேற்றம் 1607. இங்கே மசூலிப்பட்டினத்தில் பண்டகசாலை 1611. மேஃபிளவர் கப்பல் 102 பயணிகளுடன் அட்லாண்டிக்கைக் கடந்தது 1620. மதராஸ் கடற்கரையில் ஒரு துண்டு நிலம் கம்பெனிக்குக் கிடைத்தது 1639 ஆகஸ்ட் 22. பாடநூலில் வெவ்வேறு பாடங்களில் கிடக்கும் இந்த ஆண்டுகளை ஒரே பலகையில் எழுதியதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஜேம்ஸ்டவுனில் முதலில் இறங்கியவர்கள் 104 ஆண்களும் சிறுவர்களும். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நோயாலும் பசியாலும் இறந்துபோனார்கள். 1609–10 குளிர்காலத்தை வரலாறு ‘பட்டினிக் காலம்’ என்றே குறிக்கிறது. சுமார் 500 பேரில் உயிரோடு எஞ்சியவர்கள் 60 பேர் வரைதான். மேஃபிளவரில் வந்தவர்களிலும் பாதிப்பேர் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. மக்காச்சோளம் பயிரிடும் முறையைப் பூர்வகுடி மக்கள் சொல்லித்தந்த பிறகே மீதிப்பேர் பிழைத்தார்கள்.

மதராஸுக்கு 1640 பிப்ரவரியில் பிரான்சிஸ் டேயும் ஆண்ட்ரு கோகனும் வந்து இறங்கினார்கள். உடன் வந்த ஐரோப்பியக் காவல் வீரர்கள் சுமார் 25 பேர்; கணக்கெழுதச் சில எழுத்தர்கள். நிலத்தைக் கொடுத்தவர் விஜயநகர அரசின் கீழிருந்த தாமல் வெங்கடப்ப நாயக்கர். அவருடைய தந்தை சென்னப்பர் பெயரால்தான் சென்னப்பட்டினம் என்ற பெயர் வந்தது.

இப்போது மாணவனின் கேள்விக்கு வந்தேன். அங்கே அவர்களுக்கு வேண்டியது நிலம். நிலத்தில் புகையிலை பயிரிட ஆள் வேண்டும். அதனால் ஆட்களைக் கப்பலில் கொண்டுபோனார்கள். இங்கே அவர்களுக்கு வேண்டியது துணி. துணியை நெய்யும் கை அவர்களிடம் இல்லை, நம்மிடம் இருந்தது. ஆர்மகான் என்ற பழைய இடத்தை விட்டுவிட்டு மதராஸைத் தேர்ந்தெடுக்க டே சொன்ன முக்கியக் காரணமே, இங்கே நல்ல துணி மற்ற இடங்களைவிட 20 விழுக்காடு வரை மலிவாகக் கிடைக்கும் என்பதுதான். ஆகவே அவர்கள் ஊரைக் கட்டவில்லை. கோட்டையைக் கட்டி, ஊரை வரவழைத்தார்கள்.

வரவழைக்கப்பட்ட நெசவாளர்கள்

கோட்டைச் சுவர் எழும்பும்போதே அதன் வடக்கே நெசவாளர் குடியிருப்பும் எழுந்தது. ஓராண்டுக்குள் 300 முதல் 400 நெசவுக் குடும்பங்கள் வந்து சேர்ந்ததாகக் கம்பெனிக் குறிப்புகள் சொல்கின்றன. பேரி திம்மண்ணா போன்ற துபாஷிகள் இவர்களை அழைத்துவர உதவினார்கள். வெள்ளையர் வாழ்ந்த கோட்டைப்பகுதி வெள்ளையர் நகரம் என்றும், நெசவாளரும் வணிகரும் மற்ற மக்களும் வாழ்ந்த பகுதி கறுப்பர் நகரம் என்றும் அழைக்கப்பட்டன.

இந்த அழைப்பு அத்தோடு நிற்கவில்லை. 1717 முதல் 1720 வரை ஆளுநராயிருந்த ஜோசப் காலட் திருவொற்றியூர் அருகே ஒரு நெசவாளர் ஊரை அமைத்தார். காலட்பேட்டை என்ற பெயர்தான் இன்று காலாடிப்பேட்டை. அங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. காலட்டிடம் வேலை பார்த்த வீரராகவர் என்பவர் தினமும் காஞ்சிபுரம் போய் வரதரைத் தரிசித்துவிட்டுத் தாமதமாக வருவாராம்; அவருக்காகவே காலட் அந்தக் கோயிலைக் கட்டித் தந்தாராம். கதை எப்படியாயினும், காஞ்சி வரதரின் பெயர் அங்கே நெசவாளர் நடுவில் நிற்பதைக் கேட்டதும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஊர் சொந்த ஊராகிவிட்டது.

1734-இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் உருவானது சிந்தாதிரிப்பேட்டை. ‘சின்னத் தறிப் பேட்டை’ என்பதே அப்படி மருவியது என்பார்கள். நூல் நூற்போர், நெய்வோர், சாயமிடுவோர், துணி வெளுப்போர், துணியில் வண்ணம் தீட்டுவோர், கோயில் பணியாளர் ஆகியோரையே அங்கே குடியமர்த்தத் திட்டமிட்டார்கள். நிழல் தரும் மரங்கள் இருந்த தோட்டத்தை அதற்காகத் தேர்ந்தார்கள். மரநிழல் எதற்கு என்று வகுப்பில் கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, “பாவு நீட்டுறதுக்கு சார். வெயில்ல நூல் காஞ்சு அறுந்துபோகும்” என்றாள். எந்தப் பாடநூலிலும் இல்லாத அந்தப் பதில் அவள் பாட்டியிடமிருந்து வந்தது.

இங்கே நெய்த துணி லண்டன் போய், அங்கிருந்து ஆப்பிரிக்கக் கரைக்கும் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் சென்றது. இங்கிலாந்தின் கம்பளி, பட்டு நெசவாளர்கள் எதிர்த்ததால் 1701-இலும் 1721-இலும் அந்நாட்டில் நம் அச்சுத் துணிகளை உடுத்தத் தடை வந்தது. ஆனால் வெளிநாடுகளுக்கு மறு ஏற்றுமதி செய்யத் தடை இல்லை.

இரு கரைகளையும் இணைக்கும் ஒரு மனிதரும் உண்டு. 1649-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்து, சிறுவயதிலேயே இங்கிலாந்து சென்ற எலிகு யேல், 1672-இல் கம்பெனியின் எழுத்தராக மதராஸுக்கு வந்தார். எழுத்தரின் சம்பளம் ஆண்டுக்கு 10 பவுண்டு. 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்து, சொந்த வணிகத்தில் பெரும் செல்வம் சேர்த்து, முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளோடு பதவி இழந்தார். 1718-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சிறு கல்லூரிக்கு 9 பொதி சரக்கும் 417 நூல்களும் அனுப்பினார். துணிகள் அடங்கிய அந்தச் சரக்கை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. நன்றிக்காகக் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம்.

ஒரு மாணவியின் கேள்வி

இரண்டாம் நாள் அமெரிக்கக் குடியேற்றத்தின் உழைப்பைப் பற்றிச் சொன்னேன். கப்பல் கட்டணம் கட்ட முடியாத ஏழை ஆங்கிலேயர்கள் ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டுப் போனார்கள். கட்டணத்துக்கு ஈடாக நான்கு முதல் ஏழு ஆண்டுகள் கூலியின்றி உழைக்க வேண்டும். சோறும் துணியும் இருப்பிடமும் கிடைக்கும். 17-ஆம் நூற்றாண்டில் வர்ஜீனியாப் பகுதிக்குப் போன ஆங்கிலேயரில் பாதிக்கும் மேற்பட்டோர் இப்படிப் போனவர்களே. ஓர் ஆளின் கட்டணத்தைச் செலுத்திய முதலாளிக்கு 50 ஏக்கர் நிலம் கிடைத்தது. பத்திரத்தை இன்னொருவருக்கு விற்கலாம். ஆளும் அதோடு போக வேண்டும்.

அப்போதுதான் அந்த மாணவி கேட்டாள்: “நடுவுல பிடிக்கலைன்னா திரும்பிப் போகலாமா சார்?”

முடியாது. ஓடிப்போய்ப் பிடிபட்டால் ஒப்பந்தக் காலம் கூடும். “அப்ப நம்ம ஊரு நெசவாளருக்கு?” என்றான் இன்னொருவன். இந்தக் கேள்வியையே பாடத்தின் அச்சாக வைத்துக்கொண்டேன்: யார் திரும்பிப் போகலாம், யார் போக முடியாது?

ஐந்து குழுக்கள் அமைத்தேன். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு அட்டை. அட்டையில் ஒரு மனிதரின் நிலை மட்டும் எழுதியிருக்கும்; பெயர் கிடையாது.

முதல் அட்டை, வர்ஜீனியாவின் ஒப்பந்தப் பணியாளர். காலம் முடியும்வரை போக முடியாது. முடிந்தபின் போகலாம், உயிரோடிருந்தால்.

இரண்டாவது, 1619-இல் வர்ஜீனியாக் கரையில் விற்கப்பட்ட ஆப்பிரிக்கர். முதலில் வந்தவர்கள் இருபதுக்குச் சற்று மேற்பட்டோர். காலப்போக்கில் அவர்களுக்கு முடிவுத் தேதியே இல்லாமல் போயிற்று. 1662-இல் வர்ஜீனியாவில் ஒரு சட்டம் வந்தது: தாய் அடிமையானால் பிறக்கும் குழந்தையும் அடிமை.

மூன்றாவது, அந்த மண்ணின் பௌஹாட்டன் மக்களில் ஒருவர். இந்த அட்டையில் கேள்வியே தலைகீழாகிறது. அவருக்குப் போக வேண்டியதில்லை, இருக்க வேண்டும். 1646 உடன்படிக்கைக்குப் பிறகு சொந்த நிலத்தின் பெரும்பகுதியை விட்டு விலகியதோடு, ஆண்டுதோறும் திறையும் செலுத்த வேண்டியதாயிற்று.

நான்காவது, புனித ஜார்ஜ் கோட்டையின் இளம் எழுத்தர். கோட்டைக்குள் பொதுப் பந்தியில் சாப்பாடு; தொழுகைக்கு வராவிட்டாலும், குடித்துக் கலகம் செய்தாலும் அபராதம். கம்பெனி அனுமதித்தால் ஊர் திரும்பலாம். காய்ச்சலில் இங்கேயே மாண்டவர்கள் ஏராளம்.

ஐந்தாவது, கறுப்பர் நகரத்து நெசவாளர். இந்த அட்டைதான் எங்கள் வகுப்பைக் கிளறிவிட்டது.

முன்பணம் என்ற கயிறு

கம்பெனி நேரடியாக நெசவாளரிடம் போகவில்லை. காசி வீரண்ணா போன்ற பெருவணிகர்கள் கம்பெனியிடம் பணம் வாங்கி, தரகர்கள் வழியாக நெசவாளருக்கு முன்பணம் கொடுத்தார்கள். அதில் நெசவாளர் நூல் வாங்கினார், தறியில் துணி இறங்கும்வரை சாப்பிட்டார். துணி கோட்டைக்குப் போய்த் தரம் பிரிக்கப்படும். குறை சொல்லித் தள்ளப்படும் துணியும் உண்டு.

கேட்கும்போது இது இன்றைய நம் தெருக்கதை போலவே இருக்கும். ஆனால் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை தென்னிந்திய நெசவாளர், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வணிகர் அப்படி விலக முடியாது. துணி வாங்க வந்தவர்கள் பலர் இருந்தார்கள். டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், உள்ளூர் வணிகர் எனப் போட்டி. பிடிக்காவிட்டால் தறியைக் கழற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடலாம். ‘போய்விடுவேன்’ என்பதே நெசவாளரின் பலம். அதனால்தான் ஆளுநர்கள் மரநிழலும் வீடும் கோயிலும் தந்து அவர்களை அழைத்தார்கள்.

எல்லாம் இனிமையாக இருந்ததாகச் சொல்லிவிடக் கூடாது. 1646–47 பஞ்சத்தில் மதராஸிலும் சுற்றுவட்டாரத்திலும் மக்கள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். பஞ்சம் வந்தபோதெல்லாம் மனிதர்கள் விற்கப்பட்டு இந்தக் கரையிலிருந்தும் கப்பலேற்றப்பட்டார்கள். 1680-களில் மதராஸ் ஆட்சிக்குழுவே அடிமை ஏற்றுமதிக்குத் தடை போடும் அளவுக்கு அந்த வணிகம் இருந்தது. கோட்டைக்குள் வீட்டு அடிமைகளும் இருந்தார்கள்.

பிறகு துணி வாங்க வந்த கம்பெனி ஆட்சியாளரானது. 1763-இல் ஆர்க்காட்டு நவாப் காஞ்சிபுரத்தை உள்ளடக்கிய செங்கல்பட்டுப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனி முன்பணம் வாங்கிய நெசவாளர் வேறு யாருக்கும் நெய்யக் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. தறியருகே காவலாளும் வந்தார். நெசவு அதேதான், பணம் கொடுக்கும் முறையும் ஏறக்குறைய அதேதான். போய்விடும் உரிமை மட்டும் போய்விட்டது.

அக்காவின் நோட்டு

இந்த இடத்தில் நான் வகுப்பில் ஒன்றைச் சொன்னேன். இருபது ஆண்டுப் பணியில் அதுவரை சொன்னதில்லை.

என் அப்பாவும் நெசவாளர்தான். கோர்வைப் புடவை நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்ய, எதிர்ப்பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொருவர். வீட்டில் ஏதோ மருத்துவச் செலவுக்கு அப்பா ஒருவரிடம் முன்பணம் வாங்கியிருந்தார். அது தீரும்வரை அவர் தறியில் எதிர்ப்பக்கம் உட்கார ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். ஆறாம் வகுப்பு முடித்திருந்த என் அக்கா போனாள். அது 1988. நான் பள்ளிக்கூடம் போனேன், பி.எட். முடித்தேன்; இங்கே நின்று பாடம் நடத்துகிறேன். அக்கா கல்யாணம்வரை தறியில் இருந்தாள்.

அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்து கேட்டேன். “எவ்வளவுக்கா வாங்கியிருந்தாங்க அப்பா?”

“எனக்கென்னடா தெரியும்? நோட்டு அவங்ககிட்டதானே இருந்துச்சு” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். பின் என் பையனின் காய்ச்சலைப் பற்றி விசாரித்தாள். எனக்குத்தான் பேச்சு ஓடவில்லை. கடனுக்காக மனிதரைக் கட்டிவைப்பதை ஒழிக்கும் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. அக்கா தறிக்குப் போனபோது அந்தச் சட்டத்துக்கு 12 வயது, கிட்டத்தட்ட அக்காவின் வயது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

ஆசிரியர்கள் இங்கே ஓர் எச்சரிக்கையை மனத்தில் கொள்ள வேண்டும். என் அக்காவையும் 1619-இல் விற்கப்பட்ட ஆப்பிரிக்கரையும் ஒன்று என்று சொல்லிவிடக் கூடாது. அக்கா மாலையில் வீடு திரும்பினாள். அவளுடைய குழந்தைகளை யாரும் விற்கவில்லை. ஒப்பிடுவது ஒன்றாக்குவதற்கு அல்ல, வேறுபாட்டை அளப்பதற்கு. கயிறு எவ்வளவு நீளம், எத்தனை ஆண்டு, யாரைக் கட்டியது, யார் கையில் நுனி இருந்தது என்று அளந்து பார்க்க ‘யார் திரும்பிப் போகலாம்’ என்ற கேள்வி உதவுகிறது. அவ்வளவுதான்.

வகுப்பில் செய்து பார்க்க

இப்பாடத்தை நடத்த விரும்புவோருக்குச் சில குறிப்புகள். முதல் பாடவேளையில் இரட்டைக் காலக்கோடு வரையச் சொல்லுங்கள். அமெரிக்கா ஒரு பக்கம், தமிழகம் ஒரு பக்கம். இரண்டாவதில் ஐந்து அட்டைகளைக் குழுக்களுக்குக் கொடுத்து மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள்: இவர் ஏன் வந்தார் அல்லது கொண்டுவரப்பட்டார்? திரும்பிப் போகலாமா? கணக்கு யார் கையில் இருந்தது? மூன்றாவதில் குழுக்கள் பேசட்டும். ஆசிரியர் பிழைகளை மட்டும் திருத்தினால் போதும். நான்காவதில் பாடநூலின் சுதந்திரப் போருக்கு வாருங்கள். 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலை, மதராஸில் கோட்டை கட்டிய அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு என்று சொன்னால் போதும். மீதியைப் பிள்ளைகளே இணைத்துக்கொள்வார்கள்.

உங்கள் ஊரில் தறி இல்லாவிட்டால் செங்கல் சூளை இருக்கலாம், அரிசி ஆலை இருக்கலாம், வெளிநாடு போன உறவினர் இருக்கலாம். ஆனால் எந்தப் பிள்ளையையும் வீட்டுக் கடனைப் பற்றி வகுப்பில் சொல்லும்படி கேட்காதீர்கள். சொல்ல வேண்டுமானால் முதலில் நம் கதையைச் சொல்வோம். அவர்கள் விரும்பினால் பேசட்டும்.

பாடம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, ‘திரும்பிப் போகலாமா’ என்று கேட்ட அந்த மாணவி இடைவேளையில் என்னிடம் வந்தாள். அவளுடைய அம்மா இன்னமும் கூலிக்கு நெய்கிறார். வாங்கிய பட்டு எத்தனை எடை, ஜரிகை எத்தனை, கொடுத்த புடவை எத்தனை, வந்த கூலி எவ்வளவு என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதியிருந்தாள்.

“இனிமே எங்க வீட்டு நோட்டு எங்க வீட்லதான் சார் இருக்கும்” என்றாள்.

கூட்டலில் ஓரிடத்தில் பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.